பசுமரமும் ஊன்றுகோலும்

நுழையும்முன்

'பசுமரத்தாணி போல' என்னும் உவமைத்தொடரைத் தேர்வில் எழுதாத மாணவர் இல்லை. ஆனால், பசுமரத்தைத் தொட்டு, அதில் ஓர் ஆணியையோ கத்தியையோ செலுத்திப் பார்த்தவர் மிகச் சிலரே. நகரத்தில் ஆண்டுதோறும் கழிக்கப்படும் பச்சைக் கிளைகள் என்ன ஆகின்றன? அவற்றிலிருந்து முதியோர் ஊன்றி நடக்க ஒரு கோல் செதுக்குவது பள்ளிக் கல்வியின் பகுதியாகலாமா? இக்கட்டுரை ஒரு கருத்தை முன்வைக்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் கற்போரின் சிந்தனைக்கு உரியவை.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குமுன் சென்னைத் தெருக்களில் ஆண்டுதோறும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. மின்கம்பிகளின்மேல் சாய்ந்த கிளைகளையும் காற்றில் முறிந்து விழக்கூடிய கிளைகளையும் ஊழியர்கள் கழிக்கிறார்கள். மயிலாப்பூர் மாடவீதிகளை அடுத்த தெருக்களிலும், தியாகராய நகர்க் குடியிருப்புகளிலும், அடையாற்றின் நிழற்சாலைகளிலும் பச்சைக் கிளைகள் குவிகின்றன. வெட்டுவாயில் ஈரம் மின்னுகிறது. இலைகள் இன்னும் வாடவில்லை. சிறிது நேரத்தில் வண்டி வருகிறது. கிளைகள் குப்பையோடு குப்பையாக ஏற்றப்படுகின்றன. தெரு பெருக்கப்படுகிறது.

அதே தெருவில், காலையில் கோயிலுக்கோ பூங்காவுக்கோ செல்லும் முதியவர் ஒருவர் மதிற்சுவரைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். சுவர் முடியும் இடத்தில் அவர் கால்கள் தயங்குகின்றன. பற்றிக்கொள்ள ஏதேனும் கிடைக்குமா என்று கண்கள் தேடுகின்றன.

குப்பை வண்டியில் ஏறிய கிளைக்கும் சுவர்முனையில் தயங்கி நிற்கும் முதியவருக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பை உண்டாக்கக்கூடியவை இளைஞரின் கைகள். நகரம் கழித்துப்போடும் பச்சைக் கிளையிலிருந்து ஊன்றுகோல் செதுக்கும் பயிற்சிக்குப் பள்ளிகள் இடம் தரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கோலும் தமிழும்

தமிழில் 'கோல்' என்னும் சொல் பெற்றுள்ள இடம் பெரிது. அரசன் கையில் அது செங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். தச்சன் கையில் அளவுகோல். புலவன் கையில் எழுதுகோல். உழவன் கையில் தாற்றுக்கோல். ஆட்சி, நேர்மை, அளவு, அறிவு, உழைப்பு ஆகிய அனைத்துக்கும் நம் முன்னோர் ஒரு கோலையே அடையாளமாக வைத்தனர். முதுமைக்கு வைத்த அடையாளம் ஊன்றுகோல்.

வழுக்கும் நிலத்தில் நடப்பவருக்கு ஊன்றுகோல் எப்படித் துணையாகுமோ, அப்படியே ஒழுக்கமுடையோர் சொல்லும் துணையாகும் என்று வள்ளுவர் 'கேள்வி' அதிகாரத்தில் கருதுகிறார். அறிவுரையின் பயனை விளக்க அவருக்குக் கிடைத்த உவமை, எளிய மனிதர் கையில் இருந்த ஒரு மரத்துண்டு. உவமை எளிதில் விளங்க வேண்டுமானால் உவமையாகும் பொருள் எல்லாரும் அறிந்ததாக இருக்க வேண்டும். வள்ளுவர் காலத்தில் ஊன்றுகோல் அத்தகைய பொருளாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

புறநானூற்றின் 243 ஆம் பாடலை இயற்றிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. முதுமையில் தாம் ஊன்றிய கோலை அவர் பாடிய சொற்களே அவருக்குப் பெயராகிவிட்டன. தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை இலக்கிய உலகம் அழைக்கிறது. பூண் கட்டிய தலையையுடைய சிறந்த தண்டை ஊன்றியவர் என்பது அதன் பொருள். இளமையில் ஆழமான நீர்த்துறையில் குதித்து மூழ்கி, அடிமணலை அள்ளிக் காட்டிய துடிப்பை அவர் முதுமையில் நின்று நினைத்துப் பார்க்கிறார். அந்த நினைவுக்கும் நடுங்கும் உடலுக்கும் இடையே அவரைத் தாங்கி நிற்பது அந்தத் தண்டு. ஒரு மனிதரின் பெயர் மறைந்தும் அவர் கைக்கோல் மறையாமல் நிற்கும் இத்தகைய நிகழ்வு இலக்கியத்தில் அரிது.

அப்பாடல் நம் கைக்கு வந்த வரலாற்றிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. உ.வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அவர் பெயரால் 1943 இல் நிறுவப்பட்ட நூலகம் இன்று பெசன்ட் நகரில் இயங்குகிறது. ஓலைச்சுவடியில் இருந்த கோலைப் பாதுகாத்துத் தந்த நகரம், தன் தெருவில் விழும் கிளையில் இருக்கும் கோலைக் காணத் தவறுகிறது.

விழுந்த மரங்களின் நகரம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நிழலுக்காக நடப்பட்ட வெளிநாட்டு மரங்களான குல்மொகர், தூங்குமூஞ்சி போன்றவை பெருமளவில் வீழ்ந்தன. வேம்பும் புங்கமும் பூவரசும்கூடத் தப்பவில்லை. சாலையை மறித்துக் கிடந்த மரங்களை விரைந்து அகற்றுவதே அன்றைய தேவையாக இருந்தது. மின்சாரமும் குடிநீரும் இல்லாத நாள்களில் வேறு எதையும் எண்ண இயலாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழையைக் கொட்டியபோதும் மரங்கள் விழுந்தன. இனி வரும் ஆண்டுகளிலும் புயல் வரும், மரங்கள் விழும். விழுவதைத் தடுக்க முடியாவிட்டாலும், விழுந்தபின் செய்ய வேண்டியதை முன்னதாகவே எண்ணி வைக்கலாம்.

அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் பல நூற்றாண்டு வயதுடைய ஆலமரம் ஒன்று உள்ளது. 1989 இல் வீசிய கடுங்காற்றில் அதன் தாய்த்தண்டு சாய்ந்தது. ஆயினும் மரம் மடியவில்லை. கிளைகளிலிருந்து இறங்கி மண்ணில் ஊன்றிய விழுதுகள் அதைத் தாங்கின, இன்றும் தாங்குகின்றன. முதுமையில் தளர்ந்த மரத்துக்கு அதன் இளைய விழுதுகளே ஊன்றுகோல்களாயின. ஒரு குடும்பத்தின், ஒரு சமூகத்தின் கடமை எது என்பதை அம்மரம் சொல்லாமல் சொல்கிறது.

அக்கடமை இன்று பெரிதாகி வருகிறது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். இது இந்தியச் சராசரியைவிட மிகுதி. உலகம் முழுவதும் கீழே விழுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர் என்றும், அவர்களுள் முதியோரே மிகுதி என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் தெரிவிக்கிறது. உயிர் பிழைத்தவர்களிலும் பலர் அதன்பின் வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சுகின்றனர். நாகேசுவரராவ் பூங்காவிலும் பனகல் பூங்காவிலும் நாள்தோறும் நடந்தவர் ஒருவர், ஒருமுறை தடுமாறியபின் சன்னலோரத்து நாற்காலியில் அமர்ந்துவிட்டால், அவர் இழப்பது நடையை மட்டுமன்று. நண்பர்களை, உரையாடலை, தெருவை, தம் நகரத்தையே இழக்கிறார்.

பச்சை மரத்தின் இயல்பு

பசுமரத்தில் ஆணி எளிதில் இறங்குவது ஏன்? இதற்கு விடை மரத்தின் அமைப்பில் உள்ளது.

மரம் என்பது நெருக்கமாக அடுக்கப்பட்ட நுண்குழல்களின் தொகுப்பு. உயிருடன் நிற்கும் மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்கியிருக்கும். ஒன்று, குழல்களின் உள்ளே நிறைந்திருக்கும் நீர். மற்றொன்று, குழற்சுவர்களுக்குள் ஊறியிருக்கும் நீர். சில மரங்களில் இந்நீரின் எடை, மரத்தின் உலர்ந்த எடையையே மிஞ்சிவிடும். ஊறிய சுவர்கள் நெகிழ்ந்திருப்பதால் கத்தியும் ஆணியும் தடையின்றி இறங்குகின்றன. அதே மரம் உலர்ந்தபின் கத்தியை எதிர்த்து நிற்கும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் பழமொழியும் இந்த அறிவிலிருந்து பிறந்ததே.

வெட்டிய மரத்திலிருந்து முதலில் வெளியேறுவது குழல்நீர். அப்போது எடை குறையும், வடிவம் மாறாது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு என்னும் அளவுக்கு ஈரம் குறைந்தபின் சுவர்நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்குகிறது. நீளவாக்கில் அது சுருங்குவது மிகமிகக் குறைவு. ஆனால், தண்டின் சுற்றுவாக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காகும். இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்க இயலாமல் தண்டு பட்டையிலிருந்து மையம் நோக்கி வெடிக்கிறது. பச்சைக் கிளையை வெட்டி வெயிலில் போட்டால் சில நாள்களில் அதில் பிளவு தோன்றும் காரணம் இதுவே.

இந்த அறிவு தச்சரிடமும் சிலம்பக் கம்பு செய்வோரிடமும் மாடு மேய்த்தோரிடமும் நூலின்றி வாழ்ந்தது. வளைந்த பச்சைக் கம்பைத் தீயில் வாட்டி, சூடு ஆறுமுன் நிமிர்த்தி எடுத்த கைகள் தமிழகத்துச் சிற்றூர் தோறும் இருந்தன. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மர இழைகள் இளகும் என்ற இயற்பியல் உண்மையை அவர்கள் கையால் அறிந்திருந்தனர்.

கோல் உருவாகும் வகை

ஊன்றுகோலுக்கு ஏற்ற கிளையைத் தேர்ந்தெடுப்பதே முதற்பணி. கொய்யா, வேம்பு, புங்கம், பூவரசு, புளி ஆகியவற்றின் கிளைகள் உறுதியானவை. பம்பரம் கடைய விரும்பப்படும் கொய்யா மரம், ஊன்றுகோலுக்கும் ஏற்றது. முருங்கை எளிதில் முறியும், அது உதவாது. வீட்டுத் தோட்டங்களில் நேராக வளரும் அரளியின் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை. அதைக் கண்டிப்பாக விலக்க வேண்டும். பெயர் அறியாத மரத்தையும் பூச்சி அரித்த கிளையையும் எடுக்கலாகாது.

ஏறத்தாழ 3 செ.மீ. பருமனும் நேரான போக்கும் உள்ள கிளையைத் தேவையான நீளத்தைவிட இருபுறமும் ஒரு சாண் மிகுதியாக விட்டு வெட்டிக்கொள்ள வேண்டும். முனைகள்தாம் முதலில் வெடிக்கும் என்பதால் இந்த மிகுதி பின்னர் அறுத்து நீக்கப்படும். இயற்கையாகவே கவை பிரிந்த கிளை கிடைத்தால் கவையே கைப்பிடியாகும். தனியே ஒட்டிய பிடியைவிட இது வலிமையானது. ஏனெனில் மரத்தின் இழைகள் அங்கே அறுபடாமல் வளைந்து செல்கின்றன.

மரம் பச்சையாக இருக்கும்போதே பட்டையை நீக்கிக் கைப்பிடியின் பரும்படியான வடிவத்தைச் செதுக்கிவிட வேண்டும். கத்தி எப்போதும் உடலுக்கு எதிர்ப்புறமாகச் செல்ல வேண்டும். இழையின் போக்கிலேயே செதுக்க வேண்டும். இழைக்கு எதிராகச் சென்றால் கத்தி ஆழப் பாய்ந்து மரத்தைப் பெயர்த்துவிடும். கணுவை அடையும்போது விசையைக் குறைத்துச் சிறுசிறு சீவல்களாக எடுக்க வேண்டும். மரம் என்ன சொல்கிறது என்பதைக் கை கேட்கத் தொடங்கும் இடம் இதுதான்.

அதன்பின் வருவது உலர்த்தல். இரு முனைகளிலும் மெழுகையோ வண்ணப்பூச்சையோ தடவ வேண்டும். முனைகளில் குழல்வாய்கள் திறந்திருப்பதால் அவ்வழியே ஈரம் பன்மடங்கு விரைவாக வெளியேறும். பூச்சு அவ்விரைவைத் தடுக்கும். கோலை நேரான பலகையோடு சேர்த்துக் கட்டி, காற்று உலவும் நிழலில் வைக்க வேண்டும். சென்னையின் மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி. அப்போது பூஞ்சை பிடிக்காமல் துடைத்துவர வேண்டும். கோடையின் அக்கினி வெயிலில் வைத்தால் அவசரமாக உலர்ந்து வெடித்துவிடும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவந்தால், எடை குறைவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அன்றுதான் கோல் உலர்ந்தது என்று கொள்ள வேண்டும். இதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம்.

உலர்ந்த கோலை இறுதியாகச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றுபட்டு இறுகும் இயல்புடையது. தேங்காய் எண்ணெய் அவ்வாறு இறுகாமல் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானே தீப்பற்றக்கூடும். ஆகவே, திறந்தவெளியில் விரித்து உலர்த்தியபின்னரே அப்புறப்படுத்த வேண்டும். இறுதியாக, உடல்வலிமை உள்ள ஒருவர் தம் எடையைச் செலுத்தி ஊன்றிப் பார்த்து, வெடிப்போ நெளிவோ இல்லை என்று தெளிந்த பின்னரே முதியவர் கையில் அதைத் தரவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ஊன்றுகோலின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். முதியவர் வழக்கமாக அணியும் காலணியுடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை உள்ள அளவே கோலின் உயரம். அப்போது கோலைப் பிடிக்கையில் முழங்கை சற்றே மடங்கியிருக்கும். ஒரு காலில் வலியோ தளர்ச்சியோ இருந்தால், அதற்கு எதிர்ப்புறக் கையில் கோலைப் பிடிக்க வேண்டும். கோலின் அடியில் இரப்பர்க் குமிழ் பொருத்துவது வழுக்காமல் காக்கும். அது தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும்.

மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு எதிராகச் சிலவற்றைக் கூறலாம். அவை புறந்தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது, கடைகளில் உயரத்தை மாற்றக்கூடிய அலுமினியக் கோல்கள் கிடைக்கின்றன, அவை இலேசானவை, நான்கு கால் உடையவையும் உண்டு, பின் மரக்கோல் எதற்கு? பக்கவாதத்தாலோ எலும்பு முறிவாலோ நடை தளர்ந்தவர், மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் கூறும் கருவியையே பயன்படுத்த வேண்டும். அதில் ஐயமில்லை. மரக்கோல், நடக்கும் ஆற்றல் இருந்தும் நம்பிக்கை குறைந்தவருக்கு உரியது. மேலும், பல முதியோர் கோல் பிடிக்க நாணுகின்றனர். அது நோயாளியின் அடையாளம் என்று எண்ணுகின்றனர். பேரனோ பேத்தியோ செதுக்கித் தந்த கோலை எடுத்துச் செல்ல நாணுபவர் இருப்பாரா? கையிலெடுக்க மறுக்கும் நல்ல கருவியைவிட, விருப்பத்தோடு கையிலெடுக்கும் எளிய கோல் மேலானது.

இரண்டாவது, கிளைக்கு மதிப்பு உண்டானால் மரத்துக்கு ஆபத்து வராதா? இது மிகக் கூரிய வினா. இதற்கு ஒரே விடை, கண்டிப்பான வரம்பு. புயலில் வீழ்ந்ததும், உரிய அனுமதியோடு கழிக்கப்பட்டதும் மட்டுமே எடுக்கப்பட வேண்டும். கோலுக்காக ஒரு கிளையும் வெட்டப்படக் கூடாது. கிண்டி தேசியப் பூங்கா போன்ற காப்பிடங்களில் கீழே கிடக்கும் சுள்ளியையும் எடுக்கக் கூடாது. அங்கு மட்கும் மரமும் உயிர்களுக்கு உணவாகவும் உறைவிடமாகவும் இருக்கிறது. செதுக்கக் கற்றவர் மரத்தின் மதிப்பை அறிவார். ஓர் அடி நீளம் நேராக வளர ஒரு கிளை எத்தனை பருவங்களைக் கடந்தது என்பதைக் கையில் உணர்ந்தவர், மரத்தைக் காரணமின்றி வெட்ட ஒப்பார்.

மூன்றாவது, மாணவர் கையில் கத்தி தரலாமா? வேதியியல் ஆய்வகத்தில் அமிலமும், இல்லத்துச் சமையலறையில் அரிவாள்மணையும் ஏற்கெனவே அவர்கள் கைக்கு எட்டியவையே. கருவி ஆபத்தாவது பயிற்சி இல்லாதபோதுதான். மழுங்கிய கத்திக்கு மிகை விசை தேவைப்படுவதால் அதுவே நழுவிக் காயப்படுத்தும். கூரிய கத்தி சொன்னபடி கேட்கும். சிறு குழுக்களாக, ஆசிரியரின் நேர்பார்வையில், முதலுதவிப் பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு, கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் ஒழுங்கோடு நடத்தினால் இப்பயிற்சி அச்சத்துக்கு உரியதன்று.

நான்காவது, மேல்நிலை வகுப்பு மாணவருக்கு நேரம் ஏது? உண்மையில் இதுவே பெற்றோர் மனத்தில் முதலில் எழும் வினா. மதிப்பெண் தரும் பாடங்களுக்கே நாள் போதவில்லை என்பது மிகையன்று. ஆனால், மனப்பாடம் செய்த உவமைக்கும் பொருள் உணர்ந்த உவமைக்கும் உள்ள வேறுபாட்டை எண்ண வேண்டும். பசுமரத்தில் கத்தி இறங்குவதை ஒருமுறை உணர்ந்த மாணவருக்குப் பசுமரத்தாணி என்னும் தொடர் விளக்கம் இன்றியே விளங்கும். தாவரவியலில் படித்த குழல்களும் இயற்பியலில் படித்த விசையும் அவர் கையில் ஒன்றுகூடும். வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்குப் போதும்.

கையும் கல்வியே

கைவினையைக் கல்வியோடு இணைப்பது புதிய சிந்தனை அன்று. பின்லாந்தில் ஊனோ சிக்னேயசின் முயற்சியால் 1866 இல் மக்கள் பள்ளிகளில் கைவேலை பாடமாயிற்று. சுவீடனில் ஓட்டோ சாலமன் அதை ஒரு முறையாக வளர்த்தார். 'ஸ்லாய்டு' என்னும் அம்முறை தச்சர்களை உருவாக்க எழுந்ததன்று. கையின் வழியே கவனத்தையும் பொறுமையையும் தற்சார்பையும் வளர்ப்பதே அதன் நோக்கம். வீட்டுக்குப் பயன்படும் பொருளைத்தான் மாணவர் செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. அந்நாடுகளின் பள்ளிகளில் கைவினை இன்றும் பாடமாக உள்ளது.

இந்தியாவில் காந்தியடிகள் இதே உண்மையை வேறு வழியில் கண்டார். 1937 இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றக் கல்வியை அதனோடு பிணைக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். சாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. 1930 இல், தம் 60 ஆம் வயதில், தண்டி வரை ஏறத்தாழ 385 கி.மீ. கையில் கோலூன்றி நடந்தவர் அவர். சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த காந்தி சிலை, நடக்கும் நிலையிலேயே அவரைக் காட்டுகிறது. ஊன்றுகோல் முதுமையின் தளர்ச்சியை மட்டும் காட்டுவதன்று. தளர்ந்தும் நடப்பேன் என்னும் உறுதியையும் காட்டுவது என்பதற்கு அச்சிலை சான்று.

தமிழ்நாட்டில் இதற்கான ஆசிரியருக்கும் குறைவில்லை. அரும்பாவூர் மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களும் அப்பெருமைக்கு உரியவை. நகரத்தின் தச்சுப் பட்டறைகளிலும் வாய்ச்சியும் உளியும் பிடித்துத் தேர்ந்த கைகள் உள்ளன. மாதம் ஒருமுறையேனும் அவர்கள் பள்ளிக்குள் வந்து மாணவர் முன் நின்று கற்பித்தால், கற்பவருக்குத் தொழிலும் தொழிலாளருக்கு மதிப்பும் சேரும். பட்டம் பெறாத ஒருவரை ஆசிரியர் என்று அழைத்து வணங்கும் வாய்ப்பை மாணவருக்குத் தருவதும் கல்வியே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கிளை கழிக்கும் நாளை உள்ளாட்சி அலுவலகம் அருகிலுள்ள பள்ளிக்கு முன்னதாகத் தெரிவிக்கலாம். ஏற்ற கிளைகளைத் தனியே ஒதுக்கித் தரலாம். பள்ளியில் நிழலான ஒரு மூலையும் சில கத்திகளும் ஓர் எடைக்கருவியும் இருந்தால் போதும். மாணவர் முதலில் தம் தெருவில் உள்ள முதியவர் ஒருவரின் மணிக்கட்டு உயரத்தை அளந்து வரட்டும். யாருக்காகச் செய்கிறோம் என்று அறிந்தபின் கத்தி தானே கவனமாக நகரும்.

காத்திருக்கும் கோல்

இப்பயிற்சியில் ஒரு நயம் உண்டு. மழைக்காலத்துக்குமுன் கழிக்கப்பட்ட கிளையைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் செதுக்கினால், அது முழுதும் உலர்ந்து முடிவடையும்போது அவர் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பார். இடையில் அவர் செய்யக்கூடியது எடையைக் குறித்து வைப்பதும் காத்திருப்பதுமே. நினைத்தவுடன் எல்லாம் விரல்நுனியில் வந்து நிற்கும் காலத்தில், மரம் தன் விரைவிலேயே உலரும் என்று ஏற்றுக்கொள்வது அரிய பாடம். விரைவுபடுத்தினால் வெடிக்கும். இது மரத்துக்கு மட்டும் உரிய விதி அன்று.

அந்த ஓராண்டில் கோலுக்கு உரிய முதியவருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் வளரும். 'என் கோல் எந்த அளவில் இருக்கிறது?' என்று அவர் கேட்பார். 'இன்னும் ஈரம் போகவில்லை' என்று இவர் சொல்வார். அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தும் பெயர் அறியாத நகரத்தில், இந்தச் சிறு உரையாடலே ஓர் ஊன்றுகோல்.

சங்கப் புலவர் ஒருவர் தம் கோலால் பெயர் பெற்றார். அக்கோலைச் செதுக்கியவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால், ஒருவர் செதுக்கினார். ஒருவர் பூண் கட்டினார். அதனால் ஒரு முதியவர் ஊன்றி நின்று பாடினார். நாளை காலை நம் தெருவில் ஒரு பச்சைக் கிளை விழும். அதில் இலைகள் இருக்கும், ஈரம் இருக்கும், உற்றுநோக்கினால் ஒரு கோலும் இருக்கும். வண்டி வருவதற்குமுன் அதைக் காணும் கண்ணும் அதைச் செதுக்கும் கையும் நம் பள்ளிகளில் உருவாகட்டும்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் நடந்து செல்வதில் எதிர்கொள்ளும் இடர்களைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'கோல்' என்னும் சொல்லை ஈறாகக் கொண்ட சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருளையும் பயன்பாட்டையும் பட்டியலிடுக.

3. 'பள்ளிகளில் கைவினைப் பயிற்சி தேவையா?' என்னும் தலைப்பில் இக்கட்டுரையின் கருத்தை ஆதரித்தும் மறுத்தும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.